யாரோ குடியிருந்த வீடு

தமிழ் ஆய்வு மாணவர்களிடையே நெடுநாளாக ஒரு பழக்கம் உண்டு. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் நாளில், முன்பே பட்டம் பெற்ற ஒருவரின் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதில் பெயரை மாற்றுவார்கள், தலைப்பை மாற்றுவார்கள், பழைய பத்திகளை அழித்துப் புதிய பத்திகளை இடுவார்கள். அதற்கு 'மாடல் கோப்பு' என்று பெயர். கொடுப்பவர் உதவியாகவே கொடுக்கிறார். வாங்குபவர் நன்றியோடுதான் வாங்குகிறார். பக்க ஓரம், வரி இடைவெளி, இயல் தலைப்பு, பின்னிணைப்பு என எதையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. மைசூரில் ஒரு மாணவிக்கு அந்த நிம்மதி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருக்கையில் கலைந்தது.

அவளுடைய ஆய்வு தென் கருநாடகத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பற்றியது. கங்கர்களின் தலைநகராக இருந்த தலைக்காடு 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்து இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. அதைச் சூழ்ந்த நாடு முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. தலைக்காட்டிலும் கோலாரிலும் பல சிற்றூர்களிலும் தமிழில் வெட்டப்பட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. நான்கு ஆண்டுகள் அவற்றைத் தேடி அலைந்து படித்தவள் அவள். வரைவின் அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டே வந்த நெறியாளர் நன்றியுரையின் கடைசிப் பத்தியில் நின்றார். அங்கே அவள் தன் கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் நன்றி சொல்லியிருந்தாள். அவளுக்குத் திருமணம் ஆகவில்லை.

உறுதிமொழிப் பக்கத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முந்திய தேதி இருந்தது. கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்தபோது 'ஆசிரியர்' என்ற இடத்தில் முன்னவரின் பெயர் இருந்தது. "இது யாருடைய ஆய்வேடு?" என்று நெறியாளர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆய்வேடும் கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளைக் கடந்து போகவேண்டிய காலத்தில், அந்தக் கேள்வியை அவர் அமைதியாகக் கேட்டதே அவளுக்கு அச்சமூட்டியது. ஒரு வரிகூட அவள் திருடியதில்லை. ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டிய கோப்பே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அவள் மண்டி மொஹல்லாவுக்குப் போனாள். மைசூரின் பழைய பகுதிகளில் ஒன்று அது. புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அதிகத் தொலைவில்லாத, கடைகளும் மசூதிகளும் பழைய வீடுகளும் நெருங்கி நிற்கும் தெருக்கள். அத்தகைய தெரு ஒன்றில் ஒரு டி.டி.பி. கடை. திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கல்லூரிப் புராஜெக்ட், ஆய்வேடு எல்லாம் அங்கே ஒரே மேசையில் உருவாகும். கடைக்காரர் அறுபதைக் கடந்தவர்; வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து அச்சுக்கோக்கும் தொழிலில் தொடங்கியவர். வீட்டில் உருது, தொழிலில் கன்னடம், பிறந்த ஊரின் தமிழ் என மூன்றும் அவர் கையில் இருந்தன.

பழைய பெயரையெல்லாம் எடுத்துவிட்டுத் தலைப்புகளை ஒரே அளவாக்கித் தரும்படி அவள் கேட்டாள். அவர் கோப்பைத் திறந்து, பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். திரை முழுவதும் புள்ளிகளும் குறிகளுமாக நிறைந்தது. இயல் தலைப்பைப் பக்கத்தின் நடுவே கொண்டுவர 27 முறை இடைவெளி தட்டப்பட்டிருந்தது. புதிய பக்கத்துக்குப் போக 14 முறை எண்டர் தட்டப்பட்டிருந்தது. தலைப்புகளில் சில 14 புள்ளி, சில 15, ஒன்று 16. எல்லாமே கையால் தடித்தாக்கப்பட்டவை.

"இது டெம்ப்ளேட் இல்லம்மா. யாரோ குடியிருந்த வீடு. சாமான எடுக்காமப் போயிட்டாங்க. நீங்க அது மேலேயே பாய விரிச்சுட்டீங்க."

"ஒன்பது நாள்தான் இருக்கு, பாய். பேர மட்டும் எடுத்தாப் போதும்."

"பேர எடுத்துடலாம். நாளைக்கு உங்க சார் இன்னொன்னு கண்டுபிடிப்பார். ரெண்டு நாள் குடுங்க, வீட்டக் காலி பண்ணிடுவோம்."

ஒன்பதில் இரண்டைக் கொடுப்பது அவளுக்கு எளிதாக இல்லை. இருந்தும் கொடுத்தாள்.

கடைக்காரரின் பொறுமைக்குப் பின்னால் ஈயத்தின் பழக்கம் இருந்தது. அச்சுக்கூடத்தில் வேலை செய்த காலத்தில் மண்டிக்காரர்களின் பில் புத்தகங்கள் மாதந்தோறும் வரும். கடைப் பெயர், கோடுகள், 'சரக்கு', 'எடை', 'விலை', 'மொத்தம்' என்ற தலைப்புகள் எப்போதும் மாறாதவை. ஆகவே அந்தப் பகுதியை அச்சடித்த பிறகு எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போடாமல், நூல் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அடுத்த முறை எண்ணையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். எதைக் கட்டுவது, எதைத் தளர்வாக விடுவது என்று தெரிந்தவனே நல்ல கம்போசிட்டர். தேதியையும் சேர்த்துக் கட்டிவிட்டவன், போன மாதத் தேதியோடு ஆயிரம் பில் அடித்துவிட்டு முதலாளியிடம் வசை வாங்குவான். நன்றியுரையில் கணவர் வந்து நின்றதும் அதே பிழைதான்.

முதல் நாள் அவர் கணினியைத் தொடவில்லை. ஒரு தாளில் மூன்று பத்தி கீறினார். முதலாவதில் ஒருபோதும் மாறாதவை: பக்க ஓரம், தாளின் அளவு, முகப்பின் அமைப்பு. இரண்டாவதில் ஒரு விதிப்படி மாறுபவை: இயல் எண், பக்க எண், அட்டவணை எண், பொருளடக்கம். மூன்றாவதில் எழுதுபவருக்கே உரியவை: உரை, நன்றி, உறுதிமொழியில் வரும் பெயரும் நாளும். முதல் வகையைப் பூட்டவேண்டும். இரண்டாவதை மென்பொருளிடம் ஒப்படைக்கவேண்டும். மூன்றாவதை வெறுமையாக விடவேண்டும். வெறுமையாக விடுவதிலும் ஒரு முறை உண்டு. அந்த இடத்தில் பழைய உரையை வைக்காமல், 'இங்கே நெறியாளரின் பெயர்' என்பதுபோல் எவரும் தம்முடையதென்று மயங்க முடியாத குறிப்பை வைக்கவேண்டும்.

இரண்டாம் நாள் வேர்டில் ஸ்டைல்களை அமைக்கத் தொடங்கினார். 'ஹெடிங் 1' இயலுக்கு, 'ஹெடிங் 2' உட்பிரிவுக்கு, மேற்கோளுக்கு ஒன்று, கல்வெட்டுப் பாடத்துக்கு ஒன்று. ஒரு தலைப்புக்கு ஸ்டைலின் பெயரை இட்டுவிட்டால் அதன் அளவும் எண்ணும் பொருளடக்கத்தில் அதன் இடமும் தாமாகவே வந்துவிடும். பிற்பாடு நெறியாளர் 14 புள்ளி வேண்டாம், 16 வேண்டும் என்றால், ஓரிடத்தில் மாற்றினால் 200 பக்கத்திலும் மாறும்.

தமிழில் எழுதுவோர் வழக்கமாக இடறுவதும் இங்கேதான். வேர்டு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இரண்டு எழுத்துருக்களையும் இரண்டு அளவுகளையும் வைத்திருக்கிறது. ஒன்று இலத்தீன் எழுத்துக்கு. மற்றொன்று, 'சிக்கலான எழுத்துமுறை' என்று அது வகைப்படுத்தும் தமிழ், கன்னடம், தேவநாகரி, அரபு முதலியவற்றுக்கு. ஸ்டைலை மாற்றும் பெட்டியில் இலத்தீன் என்றிருப்பதைக் கவனிக்காமல் அளவை மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெருக்கும், தமிழ் அசையாது. ஸ்டைல் தமிழுக்கு வேலை செய்வதில்லை என்று முடிவுகட்டி, தலைப்பு தலைப்பாகக் கையால் திருத்தத் தொடங்குபவர்கள் பலர். மாடல் கோப்பின் 14, 15, 16 புள்ளித் தலைப்புகளெல்லாம் அப்படிப் பிறந்தவை.

எழுத்துருவிலும் அத்தகைய ஒரு மறைவிடம் உண்டு. 2007-க்குப் பிந்திய வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகள் உள்ளபடி சுருக்கப்பட்ட பொட்டலங்கள். பெயரின் இறுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் தீம் கோப்பில் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் இன்ன எழுத்துரு என்ற பட்டியல் ஒன்று வரும்: தேவநாகரிக்கு மங்கல், கன்னடத்துக்குத் துங்கா, தமிழுக்கு லதா. விண்டோஸ் 10 முதல் லதா தனியே நிறுவிக்கொள்ளவேண்டிய துணை எழுத்துருவாகிவிட்டது. எனவே ஒரு கணினியில் லதாவில் அமைந்த பக்கம் இன்னொரு கணினியில் வேறு எழுத்துருவில் திறந்து, வரிகள் முறிந்து, பொருளடக்கத்தின் பக்க எண்கள் பிசகும். கடைக்காரர் பட்டியலை நம்பாமல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் எழுத்துருவை வெளிப்படையாகக் குறித்து, கோப்புக்குள்ளேயே எழுத்துருவைப் பதித்துவைக்கும் வாய்ப்பையும் தேர்ந்தார்.

வரி இடைவெளிதான் அவரை நெடுநேரம் நிறுத்தியது. அவளுடைய ஆய்வேட்டில் தமிழ் வரியின் நடுவே கன்னடச் சொல் வரும். கன்னடத்தில் மெய்யெழுத்துகள் இணையும்போது இரண்டாம் எழுத்து ஒத்தக்ஷரமாகக் கீழே தொங்கும். மடங்கு இடைவெளி வைத்தால் கன்னடம் வரும் வரி மட்டும் அகன்று பக்கம் அலைபாய்கிறது. புள்ளிக் கணக்கில் நிலையான இடைவெளி வைத்தால் பக்கம் சீராகிறது. ஆனால் அளவு சற்றுக் குறைந்தாலும் ஒத்தக்ஷரத்தின் கால் வெட்டுப்படுகிறது. அவர் ஆழமாகத் தொங்கும் கன்னடச் சொல்லையும் உயரமான தமிழ் எழுத்தையும் அடுத்தடுத்த வரிகளில் இட்டு, 20, 21, 22 என்று ஏற்றிக்கொண்டே போய், இரண்டும் முட்டாத இடத்தில் நிறுத்தினார். ஆங்கிலத்துக்கென்று வகுத்த வார்ப்புருவில் இந்தக் கணக்கு எழுவதேயில்லை. தமிழ்நாட்டில் உருவான மாடல் கோப்பிலும் எழ நியாயமில்லை.

இதுவரை நடந்தது வடிவம் பற்றியது. மூன்றாம் நாள் பின்னிணைப்பு அட்டவணைக்கு வந்தபோதுதான் வேறொன்று வெளிப்பட்டது. மாடல் கோப்பில் கல்வெட்டு அட்டவணைக்கு ஆறு பத்திகள்: எண், ஊர், அரசன், ஆட்சியாண்டு, செய்தி, குறிப்பு. அவளும் அந்த ஆறையே நிரப்பியிருந்தாள். கடைசிப் பத்தியாகிய 'குறிப்பு' சில வரிசைகளில் அரைப் பக்கம் நீண்டது. "குறிப்புல ஏன் இவ்வளவு கூட்டம்?" என்று கடைக்காரர் கேட்டார். அட்டவணை பக்கத்தில் அடங்கவில்லை என்பதே அவர் கவலை.

அவள் அந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தாள். 'தொடக்கம் கிரந்தம், பின்பு தமிழ்.' 'தமிழ்ப் பாடத்தின் கீழ் கன்னடத்தில் இரண்டு வரி.' 'கன்னட எழுத்து, தமிழ்ப் பெயர்கள்.' முன்னவரின் ஆய்வு தமிழ்நாட்டின் ஒரு வட்டத்துக் கல்வெட்டுகளைப் பற்றியது. அங்கே மொழி பெரும்பாலும் ஒன்றே. அதற்கென ஒரு பத்தி அவருக்குத் தேவைப்படவில்லை. இவளுடைய கற்களோ இரு மொழிகள் சந்திக்கும் நிலத்தில் நிற்பவை. மொழியும் எழுத்தும் இவளுக்குத் தலைமைச் செய்தி. கடன் வாங்கிய அட்டவணையில் அதற்கு இடமில்லாததால் நான்கு ஆண்டுகளாக அதைக் குறிப்புக்குள் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவள் அறியாத வடிவம் அன்று அது. 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளை அவள் ஆண்டுக்கணக்கில் புரட்டியிருக்கிறாள். அவற்றை வெளியிட்டுவரும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இயங்குவதே மைசூரில்தான். அவற்றின் அட்டவணையில் இடம், மரபு, அரசன், காலம் ஆகியவற்றை அடுத்து 'மொழியும் எழுத்தும்' என்று ஒரு தனிப் பத்தி உண்டு. இந்தியா முழுவதிலுமிருந்து வரும் கற்களைப் பதிவு செய்ய நேரும் என்று கருதியவர்கள் வகுத்த படிவம் அது. அதிலிருந்து செய்தியை எடுத்தவள், எடுத்துவைக்கும் இடத்தில் அந்தப் பத்தியை இழந்துவிட்டாள்.

கல்வெட்டுகளே வார்ப்புருவில் அமைந்தவைதாம். மங்கலச் சொல், மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, கொடுத்தவர், கொடை, அது நிலவும் கால எல்லை, காப்போருக்குப் புகழும் அழிப்போருக்குப் பழியும் என்ற வரிசை மிகுதியும் மாறுவதில்லை. முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி வழக்கம் பேரரசெங்கும் கல்தச்சர் கைக்குப் போய்ச்சேர்ந்த ஒரு நிலையான பகுதி. ஆனால் அது பூட்டிவைத்ததாக இருக்கவில்லை. ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீண்டது. அதனாலேயே ஆண்டு சிதைந்துபோன கல்லுக்கும் மெய்க்கீர்த்தியின் நீளத்தைக்கொண்டு அறிஞர்களால் காலம் கணிக்க முடிகிறது. இதையெல்லாம் தன் இரண்டாம் இயலில் எழுதியிருந்தவள், தன் அட்டவணைக்கு ஒரு பத்தி சேர்க்கலாம் என்று எண்ணாமல் போனாள்.

அன்றிரவு அவள் 'மொழி', 'எழுத்து' என்று இரண்டு பத்திகள் சேர்த்து, குறிப்பில் கிடந்தவற்றை அவற்றுக்கு மாற்றினாள். இரு மொழியும் ஒரே கல்லில் வரும் இடங்கள், வரிசைப்படுத்தியதும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அவற்றுக்கிடையே அவள் அதுவரை காணாத ஒப்புமைகள் தெரிந்தன. நான்காம் இயலின் பதினாறு பக்கங்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எஞ்சிய நாட்களில் நான்கு இரவுகள் அதற்குப் போயின. நெறியாளர் அந்த இயலைப் படித்துவிட்டு, இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்டார். அட்டவணையில் பத்தி இல்லை என்ற உண்மையை அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக ஒலிக்கும்.

வார்ப்புரு சிந்தனையை வழிநடத்தும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று உலகம் அறிந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் இறந்தனர். ஓடம் வானில் இருந்தபோதே, இறக்கையில் மோதிய நுரைத் துண்டின் விளைவைப் பொறியாளர்கள் ஸ்லைடுகளில் மதிப்பிட்டிருந்தனர். எட்வர்ட் டஃப்டி அவற்றுள் ஒரு ஸ்லைடைப் பின்னர் வரிவரியாக ஆராய்ந்தார். சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம்; மோதியது 1920 கன அங்குலம் என்று கணிக்கப்பட்டது. அந்த வேறுபாடு ஸ்லைடின் அடியில், கிளைக்குள் கிளையாகப் பிரிந்த புள்ளிப் பட்டியலின் கடைசிப் படியில், சிறிய எழுத்தில் இருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கையும் இந்த ஸ்லைடை எடுத்துக்காட்டிக் குறை கூறியது.

வாய்மொழித் தேர்வுக்கான ஸ்லைடுகளை அமைக்கும்போது அவள் ஆயத்தமாகக் கிடைக்கும் எதையும் எடுக்கவில்லை. ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து, வந்திருந்த தளக்கோலங்களை நீக்கி, நான்கை மட்டும் வைத்துக்கொண்டாள். கல்லின் படமும் அருகே அதன் பாடமும், நிலப்படம், அட்டவணை, ஒரே ஒரு வாக்கியம். புள்ளிப் பட்டியலுக்குத் தளக்கோலமே இல்லை. கல்வெட்டுப் பாடத்துக்கு மிகப்பெரிய எழுத்து; குறிப்புக்கு இடம் குறைவு. எல்லாவற்றையும் பிளேஸ்ஹோல்டர்களிலேயே இட்டாள். தனி உரைப்பெட்டியில் எழுதினால் மாஸ்டரில் செய்யும் மாற்றம் அதைத் தீண்டாது. ஸ்லைடுகளின் உரைச்சுருக்கக் காட்சியிலும் அது வராது.

ஒன்பதாம் நாள் மாலை ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. அதை முதலில் பாராட்டியவர் தேர்வாளர் அல்லர். அதே துறையில் பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படிப்பவர். தலைப்புகளைக் கையால் தடித்தாக்கிய ஆய்வேடுகளில் அவருக்குத் தலைப்பென்று எதுவும் இல்லை. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போகவேண்டும். இவளுடைய கோப்பில் அவர் ஒரே விசையை அழுத்தி இயல் இயலாகத் தாவிப் போனார். நான்காம் இயலில் நின்று முழுதும் கேட்டார். பிறகு, அந்த வார்ப்புரு தமக்கும் வேண்டும் என்றார்.

அது மண்டி மொஹல்லா கடையில் இருந்தது. கடைக்காரர் அதை வார்ப்புருவாகவே சேமித்திருந்தார். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெயரில்லாத புதுக் கோப்பு ஒன்று வரும், மூலம் கலையாது. ஆசிரியர் என்ற இடத்தில் எவர் பெயரும் இல்லை. நன்றியுரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. அட்டவணையில் எட்டுப் பத்திகள் இருந்தன. முதல் பக்கத்தில், அச்சுக்குப் போகுமுன் நீக்கவேண்டிய ஒரு குறிப்பை அவள் சேர்த்திருந்தாள்: 'இந்த அட்டவணை ஒருவரின் ஆய்வுக்காக அமைந்தது. உங்கள் ஆய்வில் இதற்குள் அடங்காதது எது என்று முதலில் பாருங்கள்.'

அடுத்த ஆண்டு அந்தக் கடைக்கு இன்னொரு மாணவர் வந்தார். மலைத்தோட்டத் தொழிலாளர்களின் பாடல்களைப் பதிவு செய்து ஆராய்பவர், கையில் பென்டிரைவ். நேரமில்லை என்றும், அந்த அக்காவுடைய கோப்பையே தந்தால் போதும் என்றும் கேட்டார்.

"தர்றேன் தம்பி. அதுல அரசன் பேருக்கு எடம் இருக்கு. உங்க பாட்டுல அரசன் வர்றாரா?"

மாணவர் சிரித்தார். கடைக்காரர் மேசையிலிருந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்து, மூன்று பத்தி கீறத் தொடங்கினார்.